உணங்கு என்ற சொல்லால் காய்ந்தவை

தான் குறிக்கும் செயலைத் தானே செய்து முடிக்கும் ஆற்றல் உலக மொழிகளில் தமிழ் ஒன்றுக்கே உண்டு என்பது, சிதம்பரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சான்றோர் முன்னிலையில், ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. ஒரு வாளி கத்திரிக்காய்க் கொத்சின் மேல் நிறுவப்பட்டது. தில்லைச் சொற்காப்பு மன்றத்தின் மாதக் கூட்டம் வடக்கு வீதியை ஒட்டிய சந்தில், ஒரு மெஸ்ஸின் மாடியில் நடந்துகொண்டிருந்தது. மன்றத்தில் ஒன்பது உறுப்பினர்கள். எட்டுப் பேர் பொறுப்பாளர்கள். மிச்சமிருந்தவர் பொறுப்பு எதுவும் வேண்டாம் என்று அடக்கமாகச் சொன்னதால் கௌரவ ஆலோசகர் ஆக்கப்பட்டிருந்தார். தலைவர் செந்தமிழ்ச்செல்வன் ஒரு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருஞ்சொல்லகராதி ஒன்றைத் தனியொருவராகத் தொகுத்து வந்தார். பல ஆண்டு உழைப்பில் உகரத்துக்கு வந்திருந்தார். அன்று அவர் வாசித்த சொல் ‘உணங்கு’. இதைப் படிப்பதால் ஒன்றும் ஆகாது. வாசகர்கள் கையிலிருக்கும் டீயைக் கீழே வைக்க வேண்டியதில்லை.

துணி காய்கிறது, குளம் வற்றுகிறது, தொண்டை வறள்கிறது, குழம்பு சுண்டுகிறது, கூந்தல் உலர்கிறது என்று ஒவ்வோர் ஈரத்துக்கும் ஒரு சொல் வைத்துக்கொண்டு நாம் சிதறிப் போனோம், நம் முன்னோரோ உலகத்து ஈரம் முழுவதையும் ஒரே சொல்லால் போக்கினார்கள் என்று அவர் முழங்கினார். ‘பொருள்: ஈரம் முற்றும் நீங்குதல்’ என்று வாசித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. பொருளால் ஒன்றும் நடப்பதில்லை. அடுத்து எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். மாடிப்படியில் வாசனை ஏறி வந்துகொண்டிருந்ததால் ‘கொத்சு உணங்கும்’ என்றார். இட்லியோடு மேலே வந்த வாளியில் கொத்சு ஒரு தகடாக அடியில் ஒட்டியிருந்தது. கரண்டி அதில் நட்டுவைத்ததுபோல் நின்றது. உறுப்பினர்கள் மெஸ்காரரைச் சந்தேகப்பட்டார்கள். மெஸ்காரர், “கத்திரிக்கா இப்பத்தான் மசிச்சேன், கீழ வந்து அடுப்பத் தொட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு உறுப்பினர்களைச் சந்தேகப்பட்டார். பொருளாளர் திருநாவுக்கரசு, வங்கியில் வேலை பார்த்தவர், எதையும் இரண்டாவது தடவை பார்க்காமல் நம்புவதில்லை. இன்னொரு எடுத்துக்காட்டு சொல்லுங்கள் என்றார். ‘சந்தனம் உணங்கும்’ என்றதும் வரவேற்பு மேசையில் கிண்ணத்துச் சந்தனம் வெடித்து மாவாக உதிர்ந்தது. பிறகு மற்ற எட்டுப் பேரும் ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். வேறு யார் வாயிலிருந்து வந்தும் அந்தச் சொல் ஒரு துளியைக்கூட அசைக்கவில்லை. தலைவரின் தகுதியே இதற்குக் காரணம் என்று தீர்மானம் போட்டார்கள். முன்மொழிந்தவர் தலைவர்.

வீட்டில் அவருடைய மனைவி மங்கலம் தீர்மானத்தைக் கேட்டு வியப்படையவில்லை. “பெரியவங்க வாக்குக்கு மழை பேஞ்சிதுன்னு கேட்டிருக்கேன், பஞ்சம் தீந்துதுன்னு கேட்டிருக்கேன். இவரு வாக்குக்குக் கொடியில துணி காயுது” என்று பக்கத்து வீட்டில் சொன்னார். அதுவும் சரியாகக் காயவில்லை. பேராசிரியர் ஒரு மழைநாளில் ‘துணி உணங்கும்’ என்று சொல்ல, வேட்டியும் புடவையும் அப்பளமாகி, மடித்தால் ஒடிந்தன. அவர் குரல் கேட்கும் தூரம்வரை நாலு வீட்டுத் துணிகளுக்கும் அதே கதி. சொல்லின் குறைபாடு அன்றைக்கே தெரிந்துவிட்டது. காயும் என்றால் எதுவரை காய வேண்டும் என்று துணிக்குத் தெரியும். சுண்டும் என்றால் எப்போது இறக்க வேண்டும் என்று அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியும். உணங்கு நெடுங்காலம் புழக்கத்தில் இல்லாததால் அதற்கு அளவு மறந்துபோயிருந்தது. தொடங்கினால் பூஜ்யத்தில்தான் நிற்கும். இதை மங்கலம் ஒரு தடவை கணவரிடம் சொன்னார். “சொல்லுக்கு அளவு வைப்பது இலக்கணத்துக்குப் பொருந்தாது” என்று அவர் பதில் சொன்னார்.

ஊர் அவரை மரியாதையோடு சந்தேகப்பட ஆரம்பித்தது. அவர் கடைவீதியில் வந்தால் இளநீர்க்காரர் குலைமேல் சாக்கைப் போட்டார். டீக்கடையில் அவருக்குப் பார்சல் மட்டும்தான் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பூக்கட்டுகிற பெண்கள் அவரைப் பார்த்ததும், “ஐயா, போயிட்டு வந்து பேசுங்க” என்று முந்திக்கொண்டார்கள். யார் வீட்டு மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்றாலும் அவர் அந்தத் தெருவில் எந்தக் கிழமை வந்தார் என்று விசாரித்தார்கள். கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் வராததற்கும் அவர்தான் காரணம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதற்கு அவர் பிறப்பதற்கு முன்பே வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் காரணங்களிடம் போய்ச் சண்டை போட முடியாது. இவர் வீடு தெரியும்.

ஐப்பசியில் கடலூர் பழைய டவுனிலிருந்து புஷ்பமேரி வந்தார். கருவாட்டு வியாபாரி. அடைமழையில் அவர் களத்தில் போட்டிருந்த மீன் காயாமல் நாறிக்கொண்டிருந்தது. “ஒரு வார்த்த வந்து சொல்லிட்டுப் போங்க சார், வண்டி அனுப்பறேன்” என்றார். ஒரு வார்த்தை சொல்ல ஒரு மேடை வேண்டும், மேடைக்கு மைக் வேண்டும் என்று பேராசிரியர் விளக்கினார். துறைமுகத்தை ஒட்டி மேடை போட்டு, நாலு திசைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, மன்றத்தார் வேனில் வந்து இறங்கினார்கள். பொருள் விளக்கம் முக்கால் மணி நேரம் நடந்தது. அதன்பின் அவர் ‘மீன் உணங்கும்’ என்றார். களத்து மீன் காய்ந்தது. குழாய் ஸ்பீக்கர் கேட்ட இடத்தில் இருந்த எல்லா மீனும் காய்ந்தது. ஐஸ் பெட்டிக்குள் வஞ்சிரம் பலகையாயிற்று. அப்போதுதான் கரைக்கு வந்த படகுகளில் வலையோடு மத்தி சருகாகச் சலசலத்தது. வெள்ளிக்கிழமை என்பதால் கறி சேர்க்காத மாதா கோயில் பங்கு வீடுகளில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் குழம்பு அப்படியே இருக்க, நடுவில் கருவாடு மிதந்தது. பக்கத்துக் குடிகாடு கிராமத்தில் ஜனங்கள் வழக்கம்போல் ரசாயனத் தொழிற்பேட்டையைச் சந்தேகப்பட்டார்கள். இந்த முறை அங்கே யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதை அவர்கள் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஊர் முழுக்கக் கருவாடாகிவிட்ட பிறகு புஷ்பமேரியின் கருவாட்டைக் கேட்பதற்கு ஆள் இல்லை. “எங் களத்த காயவைங்கன்னுதான் கூப்புட்டேன். கடலூரையே காயப்போட்டுட்டு சால்வையோட கெளம்பிட்டாரு” என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். மன்றம் இதைக் கடலூர் வெற்றி என்று ஆண்டறிக்கையில் பதிவு செய்தது.

தை மாதம் சிதம்பரத்துக்குக் கிழக்கே கோரைமேட்டில் கதை வேறு மாதிரி. அங்கே சம்பா அறுவடை முடிந்து, அரசு கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். பனி விடவில்லை, வெயில் ஏறவில்லை, போதாததற்கு வங்கக் கடலில் பருவம் தப்பிய தாழ்வுநிலை ஒன்று. பட்டியல் எழுத்தர் ராஜ்கமல், போன வருஷம் வேலைக்கு வந்த பையன், ஈரம் பார்க்கும் மிஷினைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு ஒவ்வோர் அம்பாரமாகப் போய் நெல்லைப் போட்டுப் பார்த்து, “இருபத்திரண்டு, ஜாஸ்தி”, “இருபத்தொண்ணு, ஜாஸ்தி” என்று சொல்லிக்கொண்டு வருவான். அவன்மேல் எல்லோருக்கும் சந்தேகம். மிஷின்மேல் அவனுக்கே சந்தேகம்.

அம்பாரங்களில் ஒன்று பொன்னியுடையது. அவள் உழுதது குத்தகை நிலம். நிலத்துக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். போன வருஷம் அவள் நெல் நிலையத்து வாசலிலேயே முளைத்துத் திரும்பிவிட்டது. இந்த வருஷமும் நெல் திரும்பி வந்தால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவோம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். நிலையத்துக்கு இனி ஒரே ஒரு லாரிதான் வரும். அதற்குப் பிறகு கிடங்கில் இடம் இல்லை என்று வாரக்கணக்கில் மூடிவிடுவார்கள். அந்த வேறு ஆள் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். பொன்னியின் வீட்டுக்காரருக்கு அண்ணன், கோவிந்தசாமி. போன வருஷம் வரிசையில் அவள் முறை வரும்போதெல்லாம் ஏதோ ஒன்று குறுக்கே வந்து பின்னுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் முதலில் வந்து ஆறுதல் சொன்னவர் கோவிந்தசாமி. அதனால் அவர் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால் பொன்னி நெல்லைப் பார்க்க ஓடுவாள்.

பேராசிரியரைக் கூப்பிடலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான். கடலூர்க் கதை எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. “மீனு ஜாஸ்தியா காஞ்சா கெட்டுது. நெல்லு ஜாஸ்தியா காஞ்சா என்னா கெட்டுப்போவுது?” என்று கோவிந்தசாமி கேட்டதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். பொன்னி மட்டும், “அவரு சொல்றதால காயுதா, இல்ல காயறத பாத்துட்டு அவரு சொல்றாரா மாமா?” என்றாள்.

“ஒனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம் பொன்னி.”

“சந்தேகப்படாம இருந்துதான் போன வருஷம் முளைச்சிது.”

கடைசி லாரி வரும் நாளன்று மன்றம் வந்தது. ‘சொல்வெயில்’ என்று பட்டம் அச்சடித்த பிளெக்ஸும் வந்தது. பட்டத்தைக் கோரைமேட்டு உழவர் பெருமக்கள் வழங்குவதாக அதில் போட்டிருந்தது. உழவர் பெருமக்கள் அதை அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டார்கள். நிலையத்து சிமெண்டு தளத்தின் மேல் மேடை போட்டாயிற்று. மேடைக்குக் கூரை வேண்டும், பனி தலையில் இறங்கினால் ஐயாவுக்கு ஆகாது என்று பொருளாளர் திருநாவுக்கரசு சொன்னார். அன்று பெரிய முகூர்த்தம், சுற்றுவட்டாரத்தில் ஒரு சாமியானாகூட இல்லை. கோவிந்தசாமி சுற்றிலும் பார்த்துவிட்டு, பொன்னியின் அம்பாரத்தை மூடியிருந்த நீலத் தார்ப்பாயைக் காட்டினார். அதுதான் புதுசு, ஓட்டை இல்லாதது. “ஒரு மணி நேரம்தான். எப்படியும் காயத்தானே போவுது” என்றார். அத்தனை பேர் நடுவில், மன்றத்தார் கையைக் கட்டிக்கொண்டு காத்து நிற்க, பொன்னியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. ஐம்பது அம்பாரத்துக்கு நடுவில் அவளுடையது மட்டும் திறந்து கிடந்தது. நீலத் தார்ப்பாய் நாலு மூங்கிலில் ஏறி, நடுவில் தொந்தியாகத் தொங்கிக்கொண்டு பேராசிரியருக்கு நிழல் கொடுத்தது. கிழக்கே வானம் கறுத்து வந்ததால் நிழலுக்கு வேலை இல்லை.

வரவேற்புரை நடந்தது. முன்னிலை வகித்தவர் முன்னிலை வகித்ததைப் பற்றிப் பேசினார். வாழ்த்துரை வழங்கிய கௌரவ ஆலோசகர், தமிழின் ஈரம் வேறு, நெல்லின் ஈரம் வேறு என்று ஆரம்பித்து, இரண்டும் ஒன்றே என்று முடிக்கப் பார்த்து, வழி தெரியாமல் மீண்டும் முதலிலிருந்து வந்தார். காற்று ஈரமாக வீசியது. பொன்னி மேடை ஓரத்துக்குப் போனாள். “ஐயா, அந்த வாக்கியத்த மொதல்ல சொல்லிடுங்க. அப்பறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் வாழ்த்திக்கலாம்.” பொருளாளர் குனிந்து, நிகழ்ச்சி நிரலில் அது ஏழாவதாகத்தான் வருகிறது என்று தணிந்த குரலில் சொன்னார். ராஜ்கமல் மிஷினைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

ஏழாவதாகப் பேராசிரியர் எழுந்தார். சொல்லின் வேர், கிளை, கடலூர் வெற்றி எல்லாம் சொல்லி, மைக்கை உதட்டோடு ஒட்டி, ‘நெல் உணங்கும்’ என்றார். சருகு மிதிபடுவது மாதிரி ஒரு சத்தம் எல்லா அம்பாரத்திலிருந்தும் வந்தது. உள்ளே நெல் சுருங்கி, தார்ப்பாய்கள் முழங்கால் அளவுக்குக் கீழே இறங்கின. ஒருவர் இரண்டு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்தார். நெல் பொடியானது, பல்லும் கொஞ்சம் போனது. கைதட்டல் எழுந்தது. சந்தேகப்பட்டவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். ராஜ்கமல் முதல் அம்பாரத்தில் மிஷினை வைத்தான். பூஜ்யம் காட்டியது. அடுத்ததில் பூஜ்யம். பேட்டரியை மாற்றினான். பூஜ்யம். மேலே போன் போட்டான். மேலே இருந்தவர், அது நெல்தானா என்று முதலில் பார் என்றார்.

“பதினேழுக்கு மேல இருந்தா எடுக்கக் கூடாதுன்னு இருக்கு. ஒண்ணுமே இல்லன்னா என்னா பண்றதுன்னு எழுதல” என்று ராஜ்கமல் கூட்டத்துக்குச் சொன்னான்.

“ஒண்ணுமே இல்லன்னா நல்லதுதானே தம்பி?”

“நல்லதுன்னும் எழுதலியே அண்ணே. பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் எடுக்கல. ரிப்பேரான மிஷின்னு காட்டுது.”

இவன் மேடைக்காரர்களோடு சேர்ந்துகொண்டு நாடகம் ஆடுகிறான் என்று சிலரும், மேடைக்காரர்கள் இவனோடு சேர்ந்துகொண்டு ஆடுகிறார்கள் என்று சிலரும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும்போது மழை இறங்கியது. எல்லோரும் தங்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். பொன்னி மேடைக்கு ஓடித் தன்னுடையதைக் கேட்டாள். காற்றுக்கு மூங்கில் ஆடுவதால் பொறுப்பாளர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏற்புரை நடக்கும்போது கூரையை அவிழ்ப்பது மரபு இல்லை என்று பொருளாளர் சொன்னார். கோவிந்தசாமி தன் அம்பாரத்தின் மேல் கல் வைத்தபடி, “பாவம் பொன்னி, மறுபடியும் நனையுதே” என்றார்.

பொன்னி திரும்பி வந்து நெல்லுக்குள் கையை விட்டாள். வேறு செய்ய ஒன்றும் இல்லை. அவ்வளவு மழையிலும் அம்பாரத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே ஓடவில்லை. தொட்டியில் மாடு தண்ணீர் இழுக்கிற மாதிரி உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முற்றும் காய்ந்த நெல், மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் குடித்துக்கொண்டிருந்தது. விரலிடுக்கில் மணிகள் மெல்ல எடை கூடின. அவள் ராஜ்கமலைக் கூப்பிட்டாள். அவன் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மிஷினை வைத்தான்.

“நாலு.”

“பாத்துக்கினே இரு.”

“நனையுதுக்கா. தார்ப்பாய எடுத்தாந்து மூடுங்க.”

“மூடறேன். நீ நம்பரச் சொல்லு.”

ஒன்பது ஆயிற்று. இதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தசாமிக்குக் கணக்கு புரிந்துவிட்டது. அவருக்குத் திடீரென்று பொன்னிமேல் இரக்கம் வந்தது. “என்னா இது, இப்படி நனைய வுட்டுட்டு நிக்கிற” என்று சொல்லிக்கொண்டே அம்பாரத்தை மூடுவதற்கு மேடைக்கு ஓடித் தார்ப்பாயைக் கேட்டார். ஏற்புரை நடக்கும்போது கூரையை அவிழ்ப்பது மரபு இல்லை என்று பொருளாளர் அவரிடமும் சொன்னார். அவர் தன் சொந்தத் தார்ப்பாயை உருவிக்கொண்டு வரப் பார்த்தார். தன் அம்பாரம் திறந்துவிடுமே என்று பாதி வழியில் நின்றார். திறக்கட்டுமே, நமக்கும் குடிக்கட்டுமே என்று ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் இது பொன்னியும் பேராசிரியரும் சேர்ந்து செய்கிற ஏதோ ஏமாற்று என்ற சந்தேகமும் கூடவே வந்தது. அந்தச் சந்தேகத்தோடு தார்ப்பாயை மறுபடி போர்த்திக் கல்லை வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இன்னொரு கல் வைத்தார்கள்.

“பதினாலு” என்றான் ராஜ்கமல். “பதினஞ்சு.” பிறகு, “அக்கா, பதினாறு” என்றான்.

பொன்னி நடந்து போனாள். யாரையும் கேட்கவில்லை. மூங்கிலில் கட்டியிருந்த முன்பக்கத்துக் கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். இவ்வளவு நேரம் நடுத்தொந்தியில் தேங்கியிருந்த மழைநீர் முழுவதும் ஒரே சரிவாக, சால்வை போர்த்தி மைக்கோடு நின்ற பேராசிரியர் தலையில் இறங்கியது. மூலையைப் பிடித்திருந்த பொறுப்பாளர்கள் அதை அப்படியே விட்டார்கள். பொன்னி தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். ராஜ்கமல் மறுமுனையைப் பிடித்தான். அம்பாரத்தை மூடிவிட்டு இருவரும் உள்ளே நுழைந்தார்கள். மிஷின் பதினேழில் நின்றது.

“மழையில நனைஞ்ச நெல்ல எப்படிக்கா எடுக்கிறது? நாளைக்கு என்னக் கேப்பாங்க” என்று ராஜ்கமல் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்தபடி கேட்டான்.

“மிஷின் என்னா சொல்லுது?”

“பதினேழு.”

“மழை பேஞ்சா எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குதா?”

அவன் யோசித்தான். “பதினேழுன்னுதான் எழுதியிருக்கு.”

“அப்ப எழுதுனதப் பண்ணு.”

மேடையில் பேராசிரியர் நனைந்த சால்வைக்குள் நின்று, ‘மழை உணங்கும்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கோரைமேட்டில் இன்றைக்கும் கொஞ்சம் பயத்தோடு பேசிக்கொள்கிறார்கள். முதலில் தும்மல் வந்தது. குழாய் ஸ்பீக்கரில் தும்மல் வயல்கள்மேல் போய் எதிரொலித்தது. இரண்டாவது தும்மலுக்குப் பிறகு மூக்கு அடைத்துக்கொண்டது. மூக்கடைப்போடு அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. சந்தேகம் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்க்கலாம். அவர் வாயிலிருந்து வந்ததை மழை பொருட்படுத்தவில்லை. ஸ்பீக்கர் நனைந்து நின்றது. நன்றியுரை சொல்ல வேண்டியவர் வேனுக்குள் ஏறியிருந்தார்.

பொன்னியின் நெல் அன்று சாயங்காலம் எடை போட்டு, மூட்டையாகி, கடைசி லாரியில் ஏறியது. நிலம் அவளிடமே இருக்கட்டும் என்று சென்னையிலிருந்து போன் வந்தது. போனில் பேசியவர் மழையா அங்கே என்று மட்டும் விசாரித்தார். மற்ற அம்பாரங்கள் பூஜ்யத்தில் கிடந்தன. பூஜ்யம் என்பது பதினேழைவிடக் குறைவா என்று விளக்கம் கேட்டுப் போன கடிதத்துக்கு, குறைவே என்று சித்திரையில் உத்தரவு வந்தது. அதுவரை எலிகூட அந்த நெல்லைத் தொடவில்லை. கோவிந்தசாமி, தார்ப்பாயை மேடைக்குக் கொடுத்ததே பொன்னியின் திட்டம், ஆள் வைத்துத் தன்னைப் பேச வைத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னார். புகார் போனது. விசாரிக்க வந்தவர்கள், நெல் இப்படிக் குடிக்கும் என்று முன்பே தெரியுமா என்று அவளைக் கேட்டார்கள். “தெரிஞ்சிருந்தா மொதல்லயே ஓடியாந்து தார்ப்பாயக் கேட்டிருப்பனா சார்?” என்றாள். அதை எழுதிக்கொண்டார்கள். நம்பினார்களா என்று தெரியாது. ஆவணி பிறந்ததும் அவள் அந்த நிலத்தில் விதை விட்டாள்.

மன்றம் கூடி, ‘உணங்கு’ தற்சமயம் ஓய்வில் இருக்கிறது என்று தீர்மானம் போட்டது. அகராதி ஊகாரத்துக்கு நகர்ந்தது. சிதம்பரத்தில் இளநீர்க்காரர் சாக்கை எடுத்துவிட்டார், டீக்கடையில் பேராசிரியருக்குக் கிளாஸில் டீ கிடைக்கிறது, கோரைமேட்டில் நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காலால் கிளறிக் காயவைக்கிறார்கள். காய்கிறது. பஸ் அதன்மேல் ஏறிப் போகிறது. கடலூரில் புஷ்பமேரி மேகத்தைப் பார்த்துவிட்டு மீன் எடுக்கிறார். நடந்ததைப் பற்றி இப்போது யாரும் வியப்பதில்லை.

பேராசிரியருக்கு அன்று பிடித்த ஜலதோஷம் இன்னும் விடவில்லை. மூக்கு இரவும் பகலும் ஒழுகுகிறது. மங்கலம் தினமும் காலையில் அவருடைய கைக்குட்டைகளைத் துவைத்து மொட்டை மாடியில் போடுகிறார். வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. கைக்குட்டைகள் காய்வதில்லை.